பேராசையைத் திருத்துகிற படப்புத்தகம் உண்டா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு ஐந்து வயது. இனிப்பு கைக்குக் கிடைத்தால் தலையணைக்கு அடியில் கொண்டுபோய் ஒளித்து வைக்கிறாள், தம்பிக்கு ஒரு துண்டுகூடத் தருவதில்லை, தட்டில் காய்கறியைப் பார்த்தால் அப்படியே ஓரம் கட்டிவிடுகிறாள். "பேராசை கெட்டது என்று மனதில் பதிகிற மாதிரி நாலு படப்புத்தகம் சொல்லுங்கள்" என்கிறீர்கள். கூடவே, பசித்த கம்பளிப்புழுவைப் பற்றிய அந்தப் பிரபலமான புத்தகம் பெருந்தீனியைத்தானே கற்றுக்கொடுக்கிறது, அதில் வருகிற வயிற்றுவலிப் பக்கம் தனக்கே பிடிக்கவில்லை என்று எழுதியவர் சொன்னாராமே, அதைப் பிள்ளை கையில் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது புத்தகப் பட்டியல் கேட்கிற கேள்வி. ஆனால் உள்ளே மூன்று விஷயம் ஒன்றோடு ஒன்று சிக்கிக் கிடக்கிறது: பிடித்ததை நிறையத் தின்ன ஆசைப்படுவது, பிடிக்காததைத் தொட மறுப்பது, இருப்பதைப் பகிர மனம் வராதது. மூன்றாவதை வேண்டுமானால் பேராசை என்று சொல்லுங்கள். முதல் இரண்டும் பேராசையே கிடையாது, அந்த வயதுக்கே உரிய ஆசையும் பயமும்தான். மூன்றையும் ஒரே பெயரில் சேர்த்துக் கட்டி, ஒரே மாதிரிப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் எதுவும் நடக்காது, சில சமயம் எதிர்மாறாகவும் நடக்கும். என் பதில் முழுக்க இதைப் பற்றித்தான்.

நான் ஒரு நூலகத்தின் குழந்தைகள் பகுதியில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்குச் சத்தமாகக் கதை வாசித்துக் காட்டுவதுதான் என் வேலையில் பெரும்பகுதி, குழந்தை வளர்ச்சி பற்றி முறையாகப் படித்தும் இருக்கிறேன். மருத்துவரோ உணவியல் நிபுணரோ இல்லை. அதனால் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பிள்ளையின் எடை குறைகிறது, விழுங்கும்போது திணறுகிறாள், சாப்பிடுகிற பண்டங்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வருகிறது என்றால் புத்தகம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் தெரியவில்லை, அதனால் புத்தகங்களைப் பற்றியே பேசுகிறேன்.

கம்பளிப்புழுவில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்த வதந்தியை முதலில் தீர்க்க வேண்டும். எரிக் கார்லின் 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' 1969-இல் வந்தது. வயிற்றுவலிப் பக்கத்தைத் தான் எதிர்த்ததாகவும் பதிப்பகத்தார்தான் விடாப்பிடியாக அதைச் சேர்க்க வைத்ததாகவும் கார்ல் சொன்னது போல ஒரு மேற்கோள் சுற்றுகிறது. அது அவர் சொன்னதே இல்லை. 2015-இல் 'பாரிஸ் ரிவ்யூ' பத்திரிகையின் இணையதளத்தில் ஏப்ரல் முட்டாள்கள் தினத்துக்காக எழுதப்பட்ட ஒரு கற்பனைப் பேட்டியில் வந்த வரி. 2021 மே மாதம் கார்ல் தமது 91-வது வயதில் இறந்தபோது, அஞ்சலி எழுதியவர்கள் பலர் அதை நிஜம் என்று நம்பிப் பகிர்ந்தார்கள், அந்தப் பத்திரிகையே விளக்கம் போட வேண்டியதாயிற்று. நிஜமாக நடந்தது வேறு. காகிதக் கட்டில் துளை போடும் கருவியால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தபோது, புத்தகத்தைத் தின்கிற ஒரு புழு அவர் நினைவுக்கு வந்தது. முதலில் வில்லி என்ற பெயரில் ஒரு சாதாரணப் புழுவைத்தான் கதாநாயகனாக வைத்திருந்தார். ஆன் பெனடூஸ் என்ற பதிப்பாசிரியர் அதைக் கம்பளிப்புழுவாக மாற்றலாமே என்று கேட்க, அங்கேதான் வண்ணத்துப்பூச்சி பிறந்தது. ஓட்டை போட்ட பக்கங்களை அமெரிக்காவில் கட்டுப்படியாகிற செலவில் அச்சடிக்க முடியாமல், முதல் பதிப்பை ஜப்பானில் அச்சடித்தார்கள்.

இப்போது புத்தகத்துக்குள் வாருங்கள். திங்கட்கிழமை ஓர் ஆப்பிள், செவ்வாய் இரண்டு பேரிக்காய், புதன் மூன்று பிளம், வியாழன் நான்கு ஸ்ட்ராபெரி, வெள்ளி ஐந்து ஆரஞ்சு. பக்கங்களின் அகலமும் பழத்தின் எண்ணிக்கைக்கு ஏற்றபடி கூடிக்கொண்டே போகும். சனிக்கிழமைதான் சாக்லேட் கேக், ஐஸ்கிரீம், ஊறுகாய், பாலாடைக்கட்டி, லாலிபாப், தர்பூசணி என்று பத்துப் பண்டம் வரிசையாக நிற்கும், அன்று இரவு வயிறு வலிக்கும், மறுநாள் ஒரு நல்ல பச்சை இலையைத் தின்றதும் சரியாகிவிடும். பெரியவர்கள் இந்தச் சனிக்கிழமைப் பக்கத்தைப் பார்த்ததும் பதறுகிறார்கள். வாசித்துக் காட்டும்போது பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் விரலை விட்டு, அடுத்த பக்கத்தில் அந்த விரல் நுனி எட்டிப் பார்ப்பதைப் பார்த்துச் சிரிப்பார்கள், பத்துப் பண்டத்தையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள், அதில் தனக்கு எது வேண்டும் என்று சண்டை போடுவார்கள். வயிற்றுவலிப் பக்கம் வந்ததும் ஒரு நிமிடம் அமைதியாகி, பிறகு இலைக்குப் போய்விடுவார்கள். அந்தப் புழுவை யாரும் திட்டுவதில்லை. நிறையத் தின்றால் வயிறு வலிக்கும், அது உடம்பு சொல்கிற செய்தி, அவ்வளவுதான். வளரவேண்டி இருந்ததால்தான் அவ்வளவு தின்றது, தின்று குண்டான பிறகுதான் பறக்கிறது. கார்ல் நிஜமாகவே கொடுத்த பேட்டிகளில் இதை நம்பிக்கையைப் பற்றிய புத்தகம் என்றுதான் சொல்லியிருக்கிறார். தாராளமாகக் கொடுங்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொன்னதற்குக் காரணம், சாப்பாட்டைப் பற்றிய எந்தப் படப்புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: சாப்பிட்டவருக்கு (அல்லது சாப்பிட மறுத்தவருக்கு) கடைசியில் என்ன ஆகிறது? தண்டனையா, அவமானமா, சாவா, அல்லது வயிறு வலித்துச் சரியாகிறதா? புத்தகம் என்ன 'நீதி' சொல்கிறது என்பதை அட்டையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். குழந்தைக்கு அது என்ன செய்யும் என்று தெரிய இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும்.

தண்டனைக் கதைகளுக்குப் பெரிய சரித்திரமே உண்டு. ஃபிராங்க்ஃபர்ட்டைச் சேர்ந்த ஹைன்ரிச் ஹோஃப்மன் என்ற மருத்துவர் 1844 கிறிஸ்துமஸுக்குத் தன் மூன்று வயது மகனுக்காகக் கையாலேயே எழுதி வரைந்த ஒரு புத்தகம், அடுத்த வருடம் அச்சாகி 'ஸ்ட்ருவல்பேட்டர்' என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றது. அதில் காஸ்பர் என்ற பையன் வருகிறான். முதல் நாள் கொழுகொழுவென்று இருக்கிறான். எனக்கு சூப் வேண்டாம் என்று கத்துகிறான். அடுத்தடுத்த படங்களில் மெலிந்துகொண்டே போய், நான்காம் நாள் நூல் மாதிரி ஆகிவிடுகிறான். ஐந்தாம் நாள் செத்துப்போகிறான். கடைசிப் படத்தில் அவன் கல்லறைமேல் சூப் கிண்ணம் இருக்கும். படமாகப் பார்த்தால் மிகத் திறமையான வேலை, ஐந்தே படத்தில் ஒரு உடம்பு கரைந்து போவதைக் காட்டிவிடுகிறார். சாப்பிட மறுக்கிற பிள்ளையிடம் இதைக் காட்டினால் என்ன ஆகும்? பயப்படும். பயந்த பிள்ளைக்குப் பசி எடுக்காது. நம் வீடுகளில் "சாப்பிடலேன்னா பூச்சாண்டி வருவான்" என்று சொல்கிறவர்களும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள், படம் மட்டும்தான் இல்லை.

பயமுறுத்துகிற கதை பிள்ளையைத் திருத்துமா என்பதை நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் சாப்பாட்டில் இல்லை, பொய் சொல்வதில். காங் லீ என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு அது. மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளைத் தனியாக விட்டு, பின்னால் இருக்கிற பொம்மையைத் திரும்பிப் பார்க்காதே என்று சொல்லி, பிறகு பார்த்தாயா என்று கேட்பார்கள். கேட்பதற்கு முன் ஒரு கதை. பொய் சொல்லி மூக்கு நீண்ட பொம்மையின் கதையும், "புலி வருது" மாதிரி ஓநாய் வருது என்று பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பையன் கதையும் எந்த வித்தியாசத்தையும் ஏற்படுத்தவில்லை. மரத்தை வெட்டிய சிறுவன் உண்மையை ஒப்புக்கொண்டு அப்பாவிடம் பாராட்டு வாங்குகிற கதையைக் கேட்டவர்கள்தான் அதிகமாக உண்மை சொன்னார்கள். அதே கதையின் முடிவை மாற்றி, பாராட்டுக்குப் பதில் கெட்ட விளைவு என்று ஆக்கியதும் அந்தப் பலன் போய்விட்டது. பொய்க்குப் பொருந்துவது சாப்பாட்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கதை நேரத்தில் வருடக்கணக்காக நான் பார்ப்பதும் இதோடு ஒத்துப்போகிறது: பேராசைக்காரன் அழிந்தான் என்று முடிகிற கதையைக் கேட்ட எந்தப் பிள்ளையும் அந்தப் பேராசைக்காரன் நான்தான் என்று நினைப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைத்தான் கை காட்டும்.

பகிர்வதற்கு வருவோம், உங்கள் தம்பி–அக்கா பிரச்சினை. இதற்கு நேராகவே ஒரு ஆய்வு இருக்கிறது. டொரொன்டோவில் நிக்கோல் லார்சன், காங் லீ, பாட்ரீசியா கானியா மூவரும் நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பகிர்தல் பற்றிய ஒரு படப்புத்தகத்தை வாசித்துக் காட்டினார்கள். சிலருக்குச் சட்டை போட்டுப் பேசுகிற விலங்குகள் இருக்கிற புத்தகம், சிலருக்கு அதே கதையில் விலங்குக்குப் பதில் மனிதக் குழந்தைகள். பிறகு ஸ்டிக்கர்களைக் கொடுத்து, இன்னொரு பிள்ளைக்கு எத்தனை கொடுப்பாய் என்று பார்த்தார்கள். மனிதக் குழந்தைகள் இருந்த புத்தகத்தைக் கேட்டவர்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள், விலங்குக் கதை கேட்டவர்களிடம் அப்படி நடக்கவில்லை. ஒரு கரடி தன் தேனைப் பகிர்ந்தது என்று படிக்கிற சின்னப் பிள்ளைக்கு, அது கரடியின் விஷயம், எனக்கென்ன என்று தோன்றுவது இயல்புதானே. ஒரு ஆய்வை வைத்து வீட்டில் இருக்கிற யானை, முயல் புத்தகங்களை எல்லாம் தூக்கிப் போடாதீர்கள், அவற்றுக்கு வேறு ஆயிரம் பயன் இருக்கிறது. பகிர்வதை மட்டும் குறிப்பாகச் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்றால், அவள் வயதுப் பிள்ளை ஒன்று அவள் வீடு மாதிரி ஒரு வீட்டில் பகிர்கிற புத்தகமாகப் பாருங்கள். அதிலும், கொடுத்த பிறகு அந்தப் பிள்ளையின் முகம் எப்படி வரையப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கொடுத்ததில் சந்தோஷம் தெரிகிறதா, அல்லது அம்மா முறைத்ததால் கொடுத்த முகமா?

அடுத்து காய்கறி. காய்கறியை வீரனாக்கி, தின்றால் பலம் வரும், கண் நன்றாகத் தெரியும் என்று சொல்கிற புத்தகங்கள் கடையில் குவிந்து கிடக்கின்றன. இவற்றைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை, அதற்குக் காரணமும் இருக்கிறது. மிகல் மைமரன், அயெலெட் ஃபிஷ்பாக் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சிறுமி ஒரு தின்பண்டத்தைச் சாப்பிடுகிற படக்கதையைச் சொன்னார்கள். இதைச் சாப்பிட்டால் பலசாலி ஆகலாம், வாசிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று கதையில் வந்தபோது, பிள்ளைகள் அதைக் குறைவாகத்தான் சாப்பிட்டார்கள். ஏதோ ஒரு பயனுக்காகத் தின்ன வேண்டியது என்றால் அது ருசியாக இருக்காது என்று அந்தப் பொடிசுகள் முடிவு கட்டிவிடுகின்றன போல. இதற்கு நேர்மாறாகத் தெரிகிற இன்னொரு ஆய்வும் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் சாரா கிரிப்ஷோவர், எலன் மார்க்மன் இருவரும் 2013-இல் வெளியிட்டது. உணவு எப்படி வயிற்றில் உடைந்து, இரத்தத்தில் கலந்து, உடம்பின் வெவ்வேறு பாகங்களுக்குப் போகிறது, ஏன் பலவிதமான உணவு தேவை என்று விளக்குகிற ஐந்து கதைப் புத்தகங்களை நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சுமார் மூன்று மாதம் சிற்றுண்டி நேரத்தில் வாசித்தார்கள். அந்தப் பிள்ளைகள் தாமாகவே எடுத்துச் சாப்பிட்ட காய்கறி இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது.

ஒன்று வேலை செய்யாது என்கிறது, இன்னொன்று செய்யும் என்கிறது, எதை நம்புவது? என் எண்ணம் இது, ஆய்வாளர்கள் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: முதலாவது பிள்ளையிடம் சரக்கு விற்கிறது, இரண்டாவது பிள்ளைக்கு ஒரு விஷயத்தை விளக்குகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு "இதைத் தின்னு, நல்லது" என்பது ஆயிரத்து ஒன்றாவது கட்டளை. உன் கைக்குள் ஓடுகிற இரத்தத்தில் மத்தியானம் தின்றது இருக்கிறது என்பது அதிசயமான செய்தி. அதிசயத்தைச் சொல்கிற புத்தகம் கிடைத்தால் வாங்குங்கள்.

இதைவிட எளிமையான, எனக்கு மிகவும் பிடித்த இன்னொரு ஆய்வு வரிசை உண்டு. ரெடிங் பல்கலைக்கழகத்தில் கார்மெல் ஹூஸ்டன்-பிரைஸ் குழுவினர் செய்தது. கதையே கிடையாது. பிள்ளைக்குப் பழக்கமில்லாத ஒரு காய்கறியின் படங்கள் இருக்கிற சின்னப் புத்தகம், செடியில் இருப்பது, வெட்டி வைத்திருப்பது, தட்டில் இருப்பது என்று. பெற்றோர் தினமும் சில நிமிடம், இரண்டு வாரம், ஏறக்குறைய இரண்டு வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்து அதைப் புரட்ட வேண்டும், அவ்வளவுதான். பிறகு அந்தக் காய்கறியைத் தட்டில் வைத்தால், படத்தில் பார்த்திராத காய்கறியைவிட அதை வாயில் வைத்துப் பார்க்க அந்தப் பிள்ளைகள் கூடுதலாக இணங்கினார்கள். சுமார் இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை புது உணவைக் கண்டால் பயப்படுவது மிகச் சாதாரணம். பழகிய முகத்தைக் கண்டால் பயம் போகிற மாதிரி, பழகிய காய்கறியைக் கண்டாலும் கொஞ்சம் போகிறது. உங்கள் மகளுக்கு ஐந்து வயது, அதனால் பலன் அதே அளவு இருக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. நீங்களே போட்டோ எடுத்து ஒட்டிப் புத்தகம் செய்யலாம். அதில் "சாப்பிடு" என்ற சொல் மட்டும் எங்கும் வரவேண்டாம்.

இனிப்பை ஒளித்து வைப்பதுதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று நினைக்கிறேன். இங்கே புத்தகத்தைத் தாண்டிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. ஜெனிஃபர் ஃபிஷர், லியேன் பர்ச் இருவரும் 1999-இல் காட்டியது இது: சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு தின்பண்டத்தைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு, எடுக்கக் கட்டுப்பாடு போட்டால், அவர்கள் அதைப் பற்றியே பேசுகிறார்கள், அதையே கேட்கிறார்கள், கிடைக்கும்போது கூடுதலாக எடுக்கிறார்கள். ஒளித்து வைக்கிற பிள்ளை, இது எப்போது மறுபடி கிடைக்கும் என்று தெரியாத பிள்ளையாக இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். அவளிடம் போய்ப் பேராசை பிடித்தவன் வெடித்துச் செத்தான் என்று கதை சொன்னால், அடுத்த முறை இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒளிப்பாள். எலின் சாட்டர் என்ற உணவியலாளர் பெற்றோருக்குச் சொல்கிற ஒரு பொறுப்புப் பங்கீடு உண்டு: என்ன, எப்போது, எங்கே சாப்பிடுவது என்பது பெரியவர் கையில், எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளை கையில். இனிப்புக்கும் நாள், நேரம் என்று ஒன்று வைத்து, அது தவறாமல் வரும் என்று அவளுக்குத் தெரிந்தால் தலையணைக்கு அடியில் வைக்கவேண்டிய அவசியம் குறையும். இதற்கு மேல் நான் சொல்வது என் எல்லையைத் தாண்டியது.

சரி, புத்தகங்கள். ரஸ்ஸல் ஹோபன் எழுதி லிலியன் ஹோபன் வரைந்த 'பிரெட் அண்ட் ஜாம் ஃபார் ஃபிரான்சிஸ்', 1964. சாப்பாட்டைப் பற்றி வந்த படப்புத்தகங்களில் இதை மிஞ்சியது ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. ஃபிரான்சிஸ் ஒரு குட்டி பேட்ஜர், வளையில் வாழ்கிற ஒரு விலங்கு. ரொட்டியும் ஜாமும் தவிர எதையும் தொட மாட்டாள், முட்டையைப் பார்த்தால் பாட்டுக் கட்டிக் கேலி செய்வாள். அப்பா அம்மா என்ன செய்கிறார்கள்? திட்டவில்லை, கெஞ்சவில்லை, ஊட்டவில்லை. அடுத்த வேளையில் இருந்து எல்லாருக்கும் சமைத்ததை அவர்கள் சாப்பிட்டுக்கொண்டு, அவளுக்கு ரொட்டியும் ஜாமும் மட்டும் வைக்கிறார்கள். காலையும் அதே, மத்தியானமும் அதே, பள்ளிவிட்டு வந்தாலும் அதே. கடைசியில் அவளே கண்ணீரோடு மற்றவர்கள் சாப்பிடுவதைக் கேட்கிறாள். இது தண்டனை மாதிரித் தெரியலாம், ஆனால் புத்தகத்தில் பெற்றோரின் குரல் எங்குமே கடுமையாக இல்லை, உனக்குப் பிடித்ததைத்தானே தருகிறோம் என்கிற நிதானம்தான் இருக்கிறது. இந்தக் கதையைவிட நான் நம்புவது ஆல்பர்ட்டைத்தான். ஃபிரான்சிஸின் வகுப்புத் தோழன். அவன் மதியச் சாப்பாட்டைப் பிரிக்கிற பக்கத்தை மெதுவாக வாசியுங்கள்: சாண்ட்விச், ஊறுகாய், அவித்த முட்டை, அதற்குத் தொட்டுக்கொள்ள சின்ன அட்டைக் குப்பியில் உப்பு, பால், திராட்சை. இதில் ஒரு கடி, அதில் ஒரு கடி, ஒரு மடக்கு பால் என்று எல்லாம் ஒரே நேரத்தில் தீர்கிற மாதிரிக் கணக்காகச் சாப்பிடுவான். கதை நேரத்தில் இந்தப் பக்கம் வரும்போது பிள்ளைகள் எச்சில் விழுங்குவதைப் பார்க்கலாம். ஒருவன் ரசித்துச் சாப்பிடுவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது போல ஆசை காட்டுகிற உபதேசம் எதுவும் இல்லை. விலங்குக் கதைதான், ஆனால் இது பகிர்வதற்காக நான் சொல்கிற புத்தகம் அல்ல, அதனால் மேலே சொன்னதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒளித்து வைப்பதற்கு மார்சியா பிரவுனின் 'ஸ்டோன் சூப்', 1947. பழைய நாட்டுப்புறக் கதைதான், கல்லைப் போட்டு சூப் வைக்கிற மூன்று சிப்பாய்களின் கதை. பெரும்பாலோர் இதைச் சிப்பாய்களின் சாமர்த்தியம் என்று வாசிக்கிறார்கள். உங்கள் மகளோடு ஊர்க்காரர்களின் பக்கத்தில் நில்லுங்கள். சிப்பாய்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் அவர்கள் பார்லி மூட்டையை வைக்கோலுக்கு அடியில் தள்ளுகிறார்கள், பால் வாளியைக் கிணற்றுக்குள் இறக்குகிறார்கள், முட்டைக்கோஸையும் உருளைக்கிழங்கையும் கட்டிலுக்கு அடியில் மறைக்கிறார்கள். கெட்டவர்கள் என்பதால் இல்லை, தங்களுக்கே போதாது என்ற பயம். கடைசியில் ஒவ்வொன்றாக வெளியே வந்து, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு ஆடிப்பாடுகிறார்கள், ஒளித்ததற்காக யாரும் யாரையும் குத்திக் காட்டுவதில்லை. இதில் மனிதர்கள்தான் வருகிறார்கள் என்பதும் நல்லதாகப் போயிற்று. கட்டிலுக்கு அடியில் ஒளிக்கிற பக்கத்தில் அவள் உங்களை ஒரு பார்வை பார்த்தாலும் பார்ப்பாள். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள்.

எல்லையில்லாமல் தின்கிற கதை வேண்டுமென்றால் ஜூடித் கெர்ரின் 'தி டைகர் ஹூ கேம் டு டீ', 1968. கதவைத் தட்டிக்கொண்டு வருகிற புலி மேசையில் இருப்பது, அடுப்பில் இருப்பது, அலமாரியில் இருப்பது எல்லாவற்றையும் தின்று, குழாயில் இருந்த தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய்விடும். அம்மாவும் பெண்ணும் அதைத் திட்டவே மாட்டார்கள். அப்பா வந்ததும் வெளியே போய்ச் சாப்பிடுவார்கள், புலி திரும்ப வந்தால் இருக்கட்டும் என்று புலித்தீனி டப்பா ஒன்றும் வாங்கி வைப்பார்கள். கெர் சிறுமியாக இருந்தபோது 1933-இல் குடும்பத்தோடு ஜெர்மனியைவிட்டுத் தப்பித்தவர் என்பதால், அந்தப் புலி நாஜிக் காவலர்களின் நிழல் என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. அது புலி, அவ்வளவுதான் என்று கெர் மறுத்திருக்கிறார், நானும் அதையே எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு உள்ளே இருக்கிற அந்த "எல்லாமே எனக்கு வேணும்" என்ற ஆசைக்கு இங்கே கோடு போட்ட மேல்தோல் கிடைக்கிறது. ஒளிக்காமல், வெட்கப்படாமல், அதைப் பார்த்துச் சிரிக்க முடிகிறது. ஆசைக்கு இப்படி ஓர் இடம் கொடுப்பது நல்லது என்பது என் நம்பிக்கை. இதை யாரும் அளந்து நிரூபிக்கவில்லை.

டோமி டிபாவ்லாவின் 'ஸ்ட்ரேகா நோனா' (1975) பற்றிக் கொஞ்சம் தயக்கத்தோடு சொல்கிறேன். மந்திரப் பானையை நிறுத்தத் தெரியாமல் ஊரையே பாஸ்தாவில் மூழ்கடிக்கிற பெரிய ஆண்டனிக்கு, அவன் கொண்டுவந்த பாஸ்தா முழுவதையும் தின்று தீர்ப்பதுதான் தண்டனை. கடைசிப் படத்தில் வயிறு வீங்கி உட்கார்ந்திருப்பான். படங்கள் அருமை, பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், நானும் வாசிக்கிறேன். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் வீட்டில் ஏற்கனவே இழுபறி இருக்கிற பிள்ளைக்கு, சாப்பாடே தண்டனையாக வருகிற கதையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள், இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பேராசைக்காரப் பாத்திரம் எந்த உடம்போடு வரையப்பட்டிருக்கிறது? பல புத்தகங்களில் பிடுங்கித் தின்கிறவன், பகிராதவன், சோம்பேறி எல்லாரும் குண்டாக இருப்பார்கள், நல்லவர்கள் எல்லாரும் ஒல்லி. பாலர் பள்ளி வயதிலேயே பிள்ளைகள் குண்டான உருவத்தைக் கெட்ட குணத்தோடு சேர்த்துப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ரோல்ட் டாலின் சாக்லேட் தொழிற்சாலை நாவலின் புதிய ஆங்கிலப் பதிப்பில், பெருந்தீனிச் சிறுவனைக் குறிக்க இருந்த குண்டு என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள், அதற்கு 2023-இல் பெரிய சண்டையே நடந்தது. பழைய புத்தகத்தைத் திருத்துவது சரியா என்பது வேறு விவாதம். ஆனால் உங்கள் வீட்டுக்குப் புதிதாக வாங்குகிற படப்புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. கடையில் நின்று நாலு பக்கம் புரட்டினாலே தெரிந்துவிடும்.

வாசிக்கிற விதத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருக்கும்போது இந்தப் புத்தகங்களை எடுக்காதீர்கள். அவளுக்கு அது கதையாக இல்லாமல் இன்னொரு ஊட்டல் முயற்சியாகத் தெரிந்துவிடும். முடிந்ததும் "இதிலேர்ந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?" என்று கேட்காதீர்கள், "நீயும் இப்படித்தானே" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். "சனிக்கிழமைப் பக்கத்தில் உனக்கு ஒண்ணுதான் கிடைக்கும்னா எதை எடுப்பே, தம்பிக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். தம்பிக்கு எது பிடிக்கும் என்று யோசிப்பதே பகிர்தலின் பாதி வேலை. தம்பியையும் மடியில் உட்கார வைத்து, அவளையே அவனுக்கு வாசித்துக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. புத்தகத்தைப் பகிர்வது இனிப்பைப் பகிர்வதைவிடச் சுலபம், கொடுத்தாலும் குறையாது.

இதில் எது உறுதி, எது இல்லை என்று கேட்டால், பழக்கமில்லாத காய்கறியைப் படத்தில் திரும்பத் திரும்பப் பார்ப்பது உதவும் என்பதையும், கட்டுப்பாடு ஆசையைக் கூட்டும் என்பதையும் நான் திடமாகச் சொல்வேன். மனிதப் பாத்திரம், விலங்குப் பாத்திரம் பற்றியதை ஒரு நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள், சட்டமாக அல்ல. அந்த ஆய்வு அளந்தது வாசித்த உடனே நடந்ததை, மாதக்கணக்கில் நடந்ததை அல்ல. ஃபிரான்சிஸும் புலியும் உங்கள் மகளுக்குப் பொருந்தும் என்பது முழுக்க என் அனுபவம்.

வாங்குகிற வரிசை கேட்டீர்கள் என்றால், கம்பளிப்புழு இருந்தால் அதையே தொடருங்கள், அடுத்து ஃபிரான்சிஸ், ஒரு மாதம் கழித்து ஸ்டோன் சூப். கம்பளிப்புழு 60-க்கும் மேற்பட்ட மொழிகளில் வந்திருக்கிறது. மற்றவை தமிழில் கைக்குக் கிடைக்காவிட்டால் ஆங்கிலப் பதிப்பையே எடுத்து, எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைக் காட்டி உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள். ஃபிரான்சிஸின் பாட்டுகளை மட்டும் மொழிபெயர்க்க முயல வேண்டாம், முட்டையைக் கேலி செய்து அவளையே ஒரு பாட்டுக் கட்டச் சொல்லுங்கள்.